மூழ்குவது யார்?

"தண்ணியில தள்ளிவிட்டாத்தான் நீச்சல் வரும்." தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த செவிலியரைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் மருத்துவமனைகளில் முதலில் காதில் விழுவது இந்த வாக்கியம்தான். இதற்குக் கிளைகளும் உண்டு. "நாலு திட்டு வாங்கினா தானா தேறிடுவா." "நாங்கள்லாம் இப்படித்தான் வந்தோம்." "ஐசியு எல்லாருக்கும் ஒத்து வராது. தாக்குப்பிடிக்கிறவ நிப்பா, மத்தவ போயிடுவா." இன்சார்ஜ் சிஸ்டர் சொல்கிறார், மருத்துவர் சொல்கிறார், நிர்வாகி சொல்கிறார். பட்டம் வாங்கிச் சில மாதங்களே ஆன பெண் நைட் டியூட்டி முடித்து, விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதபடி வீட்டுக்குப் போன் போட்டால் அவளுடைய அப்பாவும் அதையேதான் சொல்கிறார்: "பழகப் பழகச் சரியாயிடும்மா."

இந்த நம்பிக்கை பொய்யானது, உயிருக்கும் ஆபத்தானது. ஆற்றில் தள்ளப்பட்டவன் நீந்தாவிட்டால் மூழ்குவது அவன்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் தள்ளிவிடப்பட்டவள் தடுமாறினால் மூழ்குவது அவள் பார்த்துக்கொள்ளும் நோயாளி. வாயில் குழாயோடு, பேச முடியாமல், கை அசைத்துக் கூப்பிடக்கூட முடியாமல் கிடப்பவர். அவருடைய உடம்பைப் பணயம் வைத்து இன்னொருவருக்கு நீச்சல் பழக்கும் உரிமையை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

புதிதாக வருகிறவரிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். பி.எஸ்சி. நர்சிங் என்றால் 4 ஆண்டுப் படிப்பு, டிப்ளமோ என்றால் 3 ஆண்டு. வயது 21 அல்லது 22. உடற்கூறும் மருந்தியலும் படித்திருக்கிறார். மாணவியாக ஐசியுவில் நின்றது சில வாரங்கள். அந்த வாரங்களிலும் மருந்து செலுத்தும் பம்ப்பின் பட்டனைத் தொட்டது வேறொருவர் விரல், முடிவெடுத்தது வேறொருவர் தலை. தேர்வு முடிகிறது, நர்சிங் கவுன்சிலில் பதிவாகிறது, வேலை கிடைக்கிறது. சில நாள் அறிமுக வகுப்பு நடக்கிறது. அதில் பாதி நேரம் தீயணைப்புக் கருவியும் வருகைப் பதிவும் பற்றிய பேச்சு. பிறகு டியூட்டி பட்டியலில் அவர் பெயர் முழு ஆளாக ஏறிவிடுகிறது. பதினைந்து வருட அனுபவம் உள்ள சிஸ்டர் ஒரு ஆள் என்றால், இவரும் ஒரு ஆள். காகிதத்தில் கணக்கு நேராகிவிட்டது. படுக்கையோரத்தில் என்ன நடக்கிறது?

ஓர் இரவை அருகில் போய்ப் பார்க்கலாம். நோயாளியின் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் செருகி, அதை டிரான்ஸ்டியூசர் என்கிற சிறு கருவியோடு இணைத்திருக்கிறார்கள். மானிட்டரில் சிவப்புக் கோடு ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து விழுகிறது, பக்கத்தில் இரத்த அழுத்தம் எண்ணாக ஓடுகிறது. அந்தக் கருவி எப்போதும் நோயாளியின் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். மணி இரண்டு. புரட்டிப் படுக்கவைப்பதற்காகக் கட்டிலின் உயரத்தைக் குறைத்தார்கள். வேலை முடிந்து எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். கட்டில் கீழேயே இருக்கிறது, கருவியோ ஸ்டாண்டில் பூட்டிய இடத்திலேயே இருக்கிறது. இதயம் இப்போது கருவிக்கு 20 சென்டிமீட்டர் கீழே. அந்த உயர வித்தியாசம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் பொய் சொல்லும். திரையில் சராசரி அழுத்தம் 70இலிருந்து 55க்கு விழுகிறது. அலாரம் அலறுகிறது.

நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. அவருடைய உண்மையான அழுத்தம் இப்போதும் 70தான். ஆனால் தனியாக நிற்கும் புதியவருக்கு அது தெரியாது. சராசரி அழுத்தம் 65க்குக் கீழே போனால் நார்அட்ரினலின் வேகத்தைக் கூட்டு என்று சார்ட்டில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதைத்தான் அவர் செய்கிறார், கூட்டுகிறார். தேவையே இல்லாத மருந்து நோயாளியின் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது, ஏற்கெனவே களைத்துப்போன இதயம் இன்னும் பலமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. யாரோ வந்து கட்டிலைப் பழைய உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். எண் குதித்து மேலே போகிறது. "ஏம்மா, கண்ணு தெரியலையா உனக்கு? என்னத்தப் படிச்சிட்டு வந்தீங்க?" என்று எட்டு படுக்கைகளுக்கும் கேட்கும்படி ஒரு குரல்.

இந்தத் திட்டிலிருந்து அவர் என்ன கற்றார்? சிஸ்டருக்குக் கோபம் வரும் என்று கற்றார். எண் ஏன் பொய் சொன்னது என்று கற்கவில்லை. மூத்தவர் ஒருவர் அப்போது பக்கத்தில் நின்றிருந்தால், "எண்ணை நம்பறதுக்கு முன்னாடி டிரான்ஸ்டியூசர் எங்க இருக்குன்னு பாரு" என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார். அந்த வரி அந்தப் பெண்ணோடு வேலைக்காலம் முழுவதும் வந்திருக்கும். கற்றல் நடப்பது அந்த ஒரு வரியில்தான், அதைச் சொல்ல அந்த நிமிடத்தில் ஓர் ஆள் அங்கே இருந்தாக வேண்டும்.

இப்படி நூறு விஷயங்கள் ஐசியுவில் இருக்கின்றன. நார்அட்ரினலின் இரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு, மூன்று நிமிடமே ஆகும். அதனால் ஒரு சிரிஞ்ச் தீர்ந்தபின் அடுத்ததைக் கரைக்கத் தொடங்கினால் அதற்குள் அழுத்தம் சரிந்துவிடும். தீர்வதற்கு வெகு முன்பே அடுத்த சிரிஞ்ச் தயாராகப் பக்கத்தில் இருக்க வேண்டும். சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் செய்வதற்கு முன் ஆக்சிஜனைக் கூட்ட வேண்டும், குழாயை 15 விநாடிக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் ஆம்பூலிலிருந்து நேரே சிரையில் ஏற்றக் கூடாது, இதயம் நின்றுவிடும். வாய்வழியாகச் செருகிய சுவாசக் குழாய் உதட்டோரத்தில் எத்தனை சென்டிமீட்டர் குறியில் நிற்கிறது என்பதை டியூட்டி ஏற்கும்போதே பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் பின்னர் அது நழுவியதா என்று சொல்ல வழியே இருக்காது. இவற்றில் பலவும் பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் மூன்று அலாரம் ஒரே நேரத்தில் அடிக்கும்போது எதற்கு முதலில் திரும்புவது என்பது புத்தகத்தில் இல்லை.

அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பட்ரீஷியா பென்னர் 1984இலேயே இதை விளக்கிவிட்டார். விமானிகளையும் சதுரங்க வீரர்களையும் ஆராய்ந்து டிரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த முறையைச் செவிலியர் பணிக்குப் பொருத்தி, புதியவர் என்ற நிலையிலிருந்து வல்லுநர் வரை ஐந்து படிகள் உண்டு என்று காட்டினார். கல்லூரியிலிருந்து நேரே வருபவர் இரண்டாம் படியில் நிற்கிறார். அந்தப் படியில் இருப்பவருக்கு எல்லாமே சம முக்கியத்துவத்தோடு தெரியும். எது இப்போதே கவனிக்க வேண்டியது, எது பத்து நிமிடம் காத்திருக்கும் என்கிற தரம்பிரிப்பு இன்னும் கைவந்திருக்காது. அது வரும் மூன்றாம் படிக்கு, ஒரே மாதிரியான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும் என்றார் அவர். அதுவரை எதை முதலில் செய்வது என்று பிரித்துச் சொல்ல இன்னொருவர் துணை தேவை. நம் ஊரிலும் இது தெரியாத செய்தி அல்ல. தீவிர சிகிச்சைக்கென்றே 2 ஆண்டு முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு தனியாகப் படிக்க வேண்டிய அளவுக்கு விரிந்த ஒரு துறையில், டியூட்டிக்கு வந்த இரண்டாம் வாரத்தில் ஒருத்தி தானாகவே தேறிவிடுவாள் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

திட்டினால் தேறுவார்கள் என்பது இந்த நம்பிக்கையின் மையம். அதனால் அதைத் தனியாகவே எடுத்துப் பேச வேண்டும். திட்டு ஒன்றே ஒன்றை மட்டும் உறுதியாகக் கற்றுத்தருகிறது: மறைப்பதை. மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் கேட்கலாம். ஆனால் போன வாரம் கேட்டபோது "இதுகூடத் தெரியாதா?" என்றார்கள். நள்ளிரவில் டியூட்டி டாக்டரை எழுப்பலாம். ஆனால் நேற்று எழுப்பியபோது, "இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?" என்றார். அதனால் இந்த முறை கேட்கவில்லை, எழுப்பவில்லை. காலையில் இன்சார்ஜ் வரும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார். சிறுநீர் மணிக்கு 40 மில்லி வந்துகொண்டிருந்தது 20 ஆகி 10 ஆகிறது, சார்ட்டில் எண்கள் அழகாக ஏறுகின்றன, யாருக்கும் செய்தி போகவில்லை. கேட்கப் பயந்த அந்தக் கேள்விதான் ஐசியுவில் இருப்பதிலேயே ஆபத்தான பொருள்.

இது ஊகமல்ல. ஆமி எட்மண்ட்சன் என்கிற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குத் தலைகீழான கணக்கு கிடைத்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: அந்தக் குழுக்களில் பிழையை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது, சொன்னதால் திருத்த முடிந்தது. அச்சம் ஆண்ட வார்டுகளில் பிழை பேச்சுக்கே வரவில்லை, புதைந்து கிடந்தது. நம் ஊரில் ஒரு பிரிவில் வருடம் முழுவதும் ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட்கூட இல்லை என்றால் நிர்வாகம் மகிழ்கிறது. அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்ற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை என்பதன் அடையாளமாகத்தான் அதைப் பெரும்பாலும் படிக்க வேண்டியிருக்கும்.

"நாங்களும் அப்படித்தான் வந்தோம், நல்லாத்தானே இருக்கோம்" என்கிற மூத்தவர்களிடம் மரியாதையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் உழைப்பு பெரியது. உங்கள் கைத்திறனை எந்தக் கல்லூரியும் தந்துவிடாது. ஆனால் உங்களோடு சேர்ந்து, தாங்க முடியாமல் போனவர்கள் இன்று இந்த அறையில் இல்லை. அவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. பள்ளி ஆசிரியையானவர் உண்டு, கல்யாணத்தைச் சாக்கு வைத்து வேலையை விட்டவர் உண்டு, செவிலியர் என்ற சொல்லையே வீட்டில் எடுக்காதவரும் உண்டு. நின்றவர்களை மட்டும் எண்ணி முறை நல்லது என்று தீர்ப்பு எழுத முடியாது. நீங்கள் தேறியது தள்ளிவிட்டதாலும் அல்ல. நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் யாரோ ஒரு அக்கா, யாருக்கும் தெரியாமல், "இங்க வா, நான் காட்டறேன்" என்று உங்கள் கையைப் பிடித்திருப்பார். உங்களைக் கரைசேர்த்தது அந்தக் கை. ஆனால் பெருமை மட்டும் தள்ளிவிட்டவருக்குப் போய்ச் சேர்ந்தது.

தீவிர சிகிச்சை என்கிற துறை பிறந்த கதையே இந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்து குவிந்தார்கள். அவர்களைத் தாங்கும் அளவுக்கு இயந்திரங்கள் இல்லை, மூச்சு முடங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் இறந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து வந்து, படுக்கையோரம் உட்கார்ந்து, இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதியளவுக்கு விழுந்தது. உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் சொல்லும் ஒன்றை இப்சன் அந்த அனுபவத்தின் பின்பே, 1953இல், தொடங்கினார்.

அந்த மாணவர்கள் அனுபவமே இல்லாதவர்கள். இருந்தும் உயிர்களைக் காத்தார்கள். எப்படி? ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி. எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. கூப்பிடு தூரத்தில் தெரிந்த மருத்துவர் இருந்தார். நேரம் முடிந்ததும் மாற்று ஆள் வந்தார். புதிய கைகளை ஆதாரத்தோடு நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? நாம் அந்தத் துறையை எடுத்துக்கொண்டோம், இயந்திரங்களை வாங்கிக்கொண்டோம். பக்கத்தில் நின்ற மனிதரை மட்டும் விட்டுவிட்டோம்.

இதே காரணத்தால், "ஃப்ரெஷரை ஐசியுவில் போடவே கூடாது, ரெண்டு வருஷம் வார்டுல இருந்துட்டு வரட்டும்" என்கிற எதிர்த்தரப்பு வாதத்தையும் நான் ஏற்கவில்லை. வார்டு அனுபவம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து வருபவரும் டிரான்ஸ்டியூசர் முன்னால் புதியவர்தான். துணையில்லாமல் அவரையும் தள்ளிவிட்டால் அதே கதைதான் நடக்கும். கோளாறு புதியவரின் வயதில் இல்லை. அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆள் இல்லாததில் இருக்கிறது.

மனத்திடம் பற்றியும் ஒரு வார்த்தை. "கல்லு மனசு வேணும் இந்த வேலைக்கு" என்கிறார்கள். முதல் மரணம் நடக்கும் இரவை எண்ணிப் பாருங்கள். நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தியாயிற்று. நேரத்தைக் குறித்தாயிற்று. மருத்துவர் வெளியே போய் உறவினரிடம் பேசுகிறார். உள்ளே, 22 வயதுப் பெண் குழாய்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார், முகத்தைத் துடைக்கிறார், தாடையைக் கட்டுகிறார். சாயங்காலம் வரை "சிஸ்டர், எங்கப்பா கண்ணு தொறந்தாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்த மகன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அதற்குள் பக்கத்துப் படுக்கையின் பம்ப் அடிக்கத் தொடங்குகிறது, அவர் திரும்பி அங்கே போக வேண்டும். அன்றைக்கு டியூட்டி முடிந்ததும் யாராவது பத்து நிமிடம் அவரை உட்காரவைத்து, "நீ சரியாத்தான் செஞ்சே. இது உன் தப்பு இல்ல" என்று சொன்னார்களா? செய்ததில் ஏதாவது பிசகியிருந்தால், அதையும் அன்போடு எடுத்துச் சொன்னார்களா? இரண்டும் நடக்காவிட்டால் அந்த இரவு அவருக்குள் குற்ற உணர்ச்சியாகத் தங்கிவிடும், இல்லையென்றால் அவர் மரத்துப்போவார். மரத்துப்போன செவிலியரைத் தைரியசாலி என்று நாம் பாராட்டுகிறோம். நோயாளியின் முகத்தில் தெரியும் வலியை அவர் கண்டுகொள்ளாமல் போவதையும் பிறகு நாமே குறை சொல்கிறோம். நர்சிங் பள்ளியில் கற்ற விழுமியங்களுக்கும் பணியிடத்தின் நடைமுறைக்கும் இடையே புதிய செவிலியர் அனுபவிக்கும் இந்த அதிர்ச்சியைப் பற்றி மார்லீன் கிராமர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1974லேயே ஒரு நூல் எழுதினார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம் இன்னும் "பழகிடும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி, நிர்வாகங்கள் சொல்லும் இரண்டு காரணங்கள். முதலாவது, "ஆள் இல்லை." இது உண்மை, ஒதுக்கிவிட முடியாது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதே விரும்பத்தக்கது, எப்படிப் போனாலும் அப்படிப்பட்ட மூன்று நோயாளிக்கு இரண்டு செவிலியருக்குக் குறையக் கூடாது என்று இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த அளவு எட்டாத இரவுகள் நம் ஊரில் எத்தனை என்பது ஐசியுவில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் ஆள் பற்றாக்குறை புதியவரைத் தனியாக விடுவதற்கு நியாயமாகாது. அப்படி விட்டால் வரும் ஆளும் நிற்காமல் ஓடுகிறார், பற்றாக்குறை இன்னும் பெருகுகிறது, எஞ்சிய மூத்தவர்களின் தோளில் சுமை ஏறுகிறது, சுமை ஏறிய மூத்தவர் அடுத்த புதியவர் மீது எரிந்து விழுகிறார். இந்தச் சுழலைப் பட்டியல் போடும் மேசையில்தான் அறுக்க முடியும். லிண்டா ஐக்கென் குழு 2002இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது என்பது அவர்கள் கண்டது. தலைக் கணக்குக்கே இவ்வளவு விலை என்றால், பட்டியலில் முழு ஆளாக எழுதப்பட்டு இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஆளுக்கு என்ன விலை?

இரண்டாவது காரணம், "பயிற்சி கொடுத்து என்ன பயன்? ரெண்டு வருஷத்துல வெளிநாடு போயிடுவாங்க." போவார்கள், போகிறார்கள். ஏன் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா? 2012இல் சென்னையில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளமும், குறிப்பிட்ட காலம் வேலையை விட முடியாதபடி எழுதி வாங்கும் பாண்டும்தான் கோரிக்கைகளில் முன்நின்றன. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அப்படி ஒரு பரிந்துரை தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். அரசுத் தரப்பும் கைகழுவ முடியாது. கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டு, வென்டிலேட்டர்களுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கும் நடுவே உயிரைப் பணயம் வைத்து வேலை கற்றவர்கள் தமிழ்நாட்டின் ஒப்பந்தச் செவிலியர்கள். ஏறக்குறைய 2,400 பேருடைய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. புத்தாண்டை அவர்கள் போராட்டத்தில் தொடங்கினார்கள். பெரும் விலை கொடுத்துச் சேர்ந்த அனுபவத்தை ஒரே ஆணையில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அனுபவமுள்ள ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

பாண்டு எழுதி வாங்குவதும் அசல் சான்றிதழைப் பூட்டி வைப்பதும் ஆளைப் பிடித்து வைக்கும், மனத்தைப் பிடித்து வைக்காது. சான்றிதழுக்காக நாளை எண்ணிக்கொண்டிருப்பவர் படுக்கையோரத்தில் முழு மனத்தோடு எப்படி நிற்பார்? தனக்கு வேலை கற்றுத்தந்த இடத்தை, கஷ்டமான இரவில் தன்னோடு நின்ற சிஸ்டரை, யாரும் அவ்வளவு எளிதாக விட்டுப் போவதில்லை. அப்படியே போனாலும் இருந்த இரண்டு வருடத்தில் அவர் பார்த்துக்கொண்ட நோயாளிகள் பிழைத்து வீட்டுக்குப் போனார்களே, அந்தக் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது?

செய்ய வேண்டியது என்ன என்பது ரகசியமும் இல்லை, எட்டாத செலவும் இல்லை. பிரிட்டனில், தீவிர சிகிச்சைக்குப் புதிதாக வரும் செவிலியரைக் குறைந்தது 6 வாரம் ஆள் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது தொழில் அமைப்புகள் வகுத்த தரம். அவர் அங்கே கற்பதற்காக இருக்கிறார். அமெரிக்காவில் 2002 முதல் பல மருத்துவமனைகள் புதிய பட்டதாரிகளுக்கு ஓராண்டு நீளும் பயிற்சித் திட்டத்தை நடத்தி வருகின்றன. நம் மருத்துவமனைகள் அவற்றை அப்படியே பெயர்த்து வைக்க வேண்டாம், சாரத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

ஒன்று: முதல் 6 வாரம் புதியவரின் பெயர் பட்டியலில் தனி வரியில் இருக்கட்டும், ஆள் கணக்கில் வேண்டாம். இரண்டு: யாரோ ஒரு சீனியர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அந்த மூத்தவரின் நோயாளிச் சுமையைக் குறைக்க வேண்டும், கற்பிக்கும் வேலைக்குத் தனியாகப் படி கொடுக்க வேண்டும். இன்று அதை இலவசமாகவும் கூடுதலாகவும் செய்யச் சொல்கிறோம், பிறகு அவர் எரிந்து விழுகிறார் என்று குறைப்படுகிறோம். மூன்று: கற்றலுக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் அறுவை சிகிச்சைக்குப் பின் நிலையாக இருக்கும் நோயாளி, பிறகு வென்டிலேட்டர், பிறகு இரத்த அழுத்த மருந்துகள் ஓடும் நோயாளி, டயாலிசிஸ் கருவியோடு இருப்பவர் கடைசியில். ஒவ்வொரு படியிலும் செய்து காட்டிக் கையெழுத்து வாங்கிய பின்பே அடுத்தது. நான்கு: முதல் மூன்று மாதம் நைட் டியூட்டியில் அவரைத் தனியாக விடக் கூடாது. ஐந்து: சந்தேகத்தின் பேரில் மருத்துவரை எழுப்பிய எந்தச் செவிலியரையும் யாரும் கடிந்துகொள்ளக் கூடாது, அழைப்பு தேவையற்றதாக இருந்தாலும். இதை மருத்துவக் கண்காணிப்பாளரே எழுதிக் கையெழுத்திட்டு ஒட்ட வேண்டும், மீறுபவர் மருத்துவரானாலும் அவரைக் கேள்வி கேட்க வேண்டும். ஆறு: மரணமோ பெரிய அவசரமோ நடந்த டியூட்டி முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

இவற்றில் பணம் கேட்பது முதல் இரண்டு மட்டுமே. அதுவும், ஒருவர் விட்டுப் போனபின் புதிதாக ஆள் தேடி, சேர்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகையில்லை. மற்ற நான்குக்கும் வேண்டியது நிர்வாகத்தின் மன உறுதி.

நோயாளியின் உறவினர்களுக்கும் இதில் ஒரு குரல் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் உங்கள் தந்தையைச் சேர்க்கும்போது எந்தப் பெரிய டாக்டர் பார்ப்பார் என்று கேட்கிறீர்கள், தவறாமல் கேளுங்கள். அதோடு, "இரவில் ஒரு சிஸ்டர் எத்தனை பேரைப் பார்ப்பார்? அவருக்குத் துணையாக அனுபவமுள்ளவர் யார்?" என்றும் கேளுங்கள். டாக்டர் வந்து போவது நாளுக்குச் சில முறை. இருபத்து நான்கு மணி நேரமும் அந்தக் கட்டிலருகே நிற்பது செவிலியர். கேட்கும் வாய்கள் பெருகினால் நிர்வாகம் பதில் தேடியாக வேண்டும்.

நர்சிங் சூப்பரின்டெண்ட்களுக்கும் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும் என் கடைசி வேண்டுகோள். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம், கவுன்சிலின் சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த மாத டியூட்டி பட்டியல் உங்கள் மேசையில்தான் தயாராகப்போகிறது. அதில் புதுப் பிள்ளையின் பெயரை ஆள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்தப் பெயருக்கு நேராக உங்கள் பிரிவின் மிகச் சிறந்த செவிலியரின் பெயரை எழுதுங்கள். ஆள் குறைகிறது என்று நிர்வாகம் கேட்டால், "குறைந்தது இன்றைக்கு இல்லை. இத்தனை நாளும் குறைவாகத்தான் இருந்தது, இப்போதுதான் உண்மையை எழுதியிருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.